குஞ்சிதபாதம் அண்ணனின் கட்டைவிரல்

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க தம்பி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். கீழே வைக்காதீங்க. ஆட்டவும் வேண்டாம். உள்ளே உயிர் இருக்கிறது. மீன்தான். பன்னிரண்டு மீன். குழம்புக்கு இல்லை, மேளத்துக்கு. அப்படிப் பார்க்காதீங்க, கதையைக் கேட்டால் உங்களுக்கே புரிந்துவிடும். குடவாசல்தானே போறீங்க? நான் திருச்சேறைக்கு அடுத்த நிறுத்தம். நேரம் இருக்கிறது.

அது என்ன மடியில், நோட்டீஸா? கொடுங்க பார்ப்போம். அந்தமான். நாலு பகல், மூணு ராத்திரி. கண்ணாடிப் படகு, சிறைச்சாலை, ஒலி ஒளிக் காட்சி. அடேயப்பா, ஒரு ஆளுக்கா இவ்வளவு? புதுசாகக் கல்யாணம் ஆன பிள்ளையா நீங்க. மோதிரம் இன்னும் விரலில் பழகவில்லை, திருகிக்கொண்டே இருக்கீங்க. வீட்டம்மா ஆசைப்படுது, இல்லையா? நியாயமான ஆசைதான். ஆனால் நான் சொல்கிறேன், இந்த நோட்டீஸை நாலாக மடித்து அந்த ஜன்னல் இடுக்கில் செருகுங்க. கடகடவென்று ஆடுகிற சத்தமாவது நிற்கும். போன பங்குனியில் அந்தமான் போய், போக வர எல்லாம் சேர்த்துப் பதினெட்டு நாள் சுற்றிவிட்டு வந்தவன் நான். என் கைக்காசு ஒரு பைசா கிடையாது.

என் பெயர் பக்கிரிசாமி. ஊரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஆனால் வந்து இறங்கி பக்கிரிசாமி கடை எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜால்ரா கடை என்று கேட்கணும். எல்லாம் வயிற்றெரிச்சல். நான் மனதில் பட்டதை அப்படியே சொல்கிறவன். என் மனதில் படுவதெல்லாம் நல்லதாகவே படுகிறது. அது என் குற்றமா, சொல்லுங்க.

என் கடைக்கு நேர் எதிர்வீடு அம்பலவாணன் அண்ணன் வீடு. நாதஸ்வரக்காரர். அந்தக் காலத்து மனுஷர், வெற்றிலையைக்கூட நரம்பு கிள்ளித்தான் போடுவார். காலையில் அவர் உட்கார்ந்து வாசித்துப் பழகுவார். நான் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, வாசலில் நின்று, வாசிப்பு முடிந்ததும், “அண்ணே, தோடின்னா இதுதான் தோடி” என்பேன். இருபது வருஷம் தம்பி. மழை, வெயில், என் மாமியார் செத்த அன்றைக்கு, எதுவும் பார்த்தது இல்லை. அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அவருக்கு அந்தமானிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே போர்ட் பிளேர் பக்கம் மேட்டில் நம்ம ஆட்கள் கட்டின ஒரு முருகன் கோயில். பங்குனி உத்திரம், பத்து நாள் திருவிழா. நாலு பேர் வரணும். அம்பலவாணன் அண்ணன், கூட வாசிக்க அவருடைய மாப்பிள்ளை, தவிலுக்குக் குஞ்சிதபாதம் அண்ணன், தாளம் போட ரெங்கையன். கப்பல் டிக்கெட்டும் வந்துவிட்டது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ரெங்கையன் கொய்யா மரத்தில் ஏறினான். அறுபத்திரண்டு வயது. இறங்கும்போது மரத்தைப் பயன்படுத்தவில்லை. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

நான் கடையில் இருந்து பார்க்கிறேன், அம்பலவாணன் அண்ணன் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். தாளத்துக்கு ஆள் இல்லை. பங்குனி மாதம், எல்லாரும் எங்கேயோ ஒரு கோயிலில் ஒத்துக்கொண்டு போயாச்சு. நான் தெருவைத் தாண்டிப் போனேன். “அண்ணே, நான் இருக்கேன்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் இருந்த குஞ்சிதபாதம் அண்ணன்தான் சொன்னார்: “ஜால்ராவுக்கு நம்ம பக்கிரியை விட்டா யாருண்ணே இருக்கா இந்த ஜில்லாவுல.” மனுஷன் உதவிதான் செய்தார், ஆனால் சொன்ன விதத்தில் மாப்பிள்ளை அரை மணி நேரம் சிரித்தார்.

அம்பலவாணன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். தம்பி, இதைக் கவனமாகக் கேட்டுக்குங்க, இதில்தான் எல்லாம் இருக்கிறது. போகிற டிக்கெட் கையில் இருக்கிறது. திரும்பி வருகிற டிக்கெட்டைத் திருவிழா முடிந்த பிறகு அங்கேதான் எடுக்கணும். “பக்கிரி, ரெண்டு தடவை பொறுத்துக்குவேன். மூணாவது தடவை தாளம் தப்புச்சுன்னா, திரும்பி வர்றது உன் பொறுப்பு. கப்பல்ல வருவியோ நீந்தி வருவியோ” என்றார். எனக்கு நீந்தத் தெரியாது. காசு கொடுத்துக் கப்பலில் வருகிற பழக்கமும் கிடையாது.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி செண்பகவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை. “இருபது வருஷமா வாயால போட்டது, இப்பக் கையால போடப்போறீங்க” என்றாள். அவளுக்கும் சந்தோஷம்தான்.

அதற்குப் பிறகு குஞ்சிதபாதம் அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தார். முதலில் எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கை தட்டி எண்ணினேன். எனக்கு ஏழுக்கு அப்புறம் கொஞ்சம் அவசரம் வந்துவிடுகிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் தவிலைக் கீழே வைத்துவிட்டு, “நீ எண்ணவே வேணாம்டா. நான் தவில் அடிக்கிறப்போ என் வலது கால் கட்டைவிரல் தட்டிக்கிட்டே இருக்கும். அதைப் பாரு. அது கீழ விழுந்தா அடி. சும்மா இருந்தா நீயும் சும்மா இரு. வேற எதையும் பாக்காத, யோசிக்காத” என்றார். யோசிக்க வேண்டாம் என்றதும் எனக்குப் பாரம் இறங்கினது போல் இருந்தது. பெயரைப் பாருங்க, குஞ்சிதபாதம். நடராஜர் தூக்கின பாதம் என்று அர்த்தமாம். பெயரிலேயே காலோடு பிறந்த மனுஷன். அவர் விரல் தப்புமா?

அந்த விரலை நீங்க பார்க்கணும். தேங்காய்க் கீற்று மாதிரி நகம். ஓரத்தில் ஒரு வெட்டு. சும்மா சொல்லக் கூடாது, அதற்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. நான் அதை அவரிடமே சொன்னேன். “என் விரலுக்குமாடா” என்று கேட்டுவிட்டுக் குனிந்து அதை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

கண்டக்டரா? இதோ, ஒரு நிமிஷம். சில்லறை இந்தப் பையில்தான் வைத்தேன். இல்லை, அந்தப் பையில் மீன். அட, நீங்களே எடுத்துட்டீங்களா? எதுக்குத் தம்பி இதெல்லாம். சரி, இருக்கட்டும், நல்ல மனசு.

எங்கே விட்டேன்? கப்பல். சென்னையிலிருந்து மூன்று நாள். அடித்தட்டில் படுக்கை, இரும்புக் கட்டில், ஒருவர் மேல் ஒருவராக. கப்பலிலும் பழகினோம். குஞ்சிதபாதம் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தொடையில் தட்டுவார், நான் விரலைப் பார்த்து அடிப்பேன். ஆனால் கப்பல் சாய்ந்தால் அவர் சாய்கிறார், அவர் சாய்ந்தால் விரல் தூக்குகிறது, விரல் தூக்கினால் நான் நிறுத்திவிடுகிறேன். பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் கப்பல் ஆபத்தில் இருப்பதற்கான மணி என்று நினைத்து மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேல் தட்டுக்குப் போய்விட்டார். அவர் தப்பு. எங்கள் தப்பு இல்லை.

அந்தமானில் இறங்கினோம். இப்போது நான் சொல்வதை நோட்டீஸில் பின்பக்கம் எழுதிக்குங்க. தங்குவதற்கு ஓட்டல் வேண்டாம், கோயில் மண்டபம். கடல் காற்று நேராக மூக்குக்குள் வருகிறது. சாப்பாட்டுக்குக் கோயில் அன்னதானம், இரண்டு வேளை. இளநீர் ஊர்க்காரர்களே வெட்டிக் கொடுக்கிறார்கள், மேளக்காரர் என்றால் போதும்.

சுற்றிப் பார்ப்பதற்கும் வழி இருக்கிறது. ஒலி ஒளிக் காட்சிக்கு உள்ளே போனால் டிக்கெட். வெளியே சுவரோரம் நின்றால் ஒலி முழுவதும் கேட்கிறது. ஒளிதான் கிடைக்காது. கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் குறையும் தெரியாது. இந்தியில்தான் சொன்னார்கள், இருந்தாலும் சோகமாக இருந்தது, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கண்ணாடிப் படகுக்கும் ஏற வேண்டாம். துறையில் நின்று, இறங்கி வருகிறவர்களிடம் என்ன பார்த்தீங்க என்று கேட்டால் போதும். மீன் என்பார்கள். என்ன நிறம் என்று கேட்கணும். மஞ்சள் என்பார்கள். இப்படி ஏழெட்டுப் பேரிடம் கேட்டால் முழுக் கடலும் வந்துவிடும். போட்டோவுக்கும் செலவில்லை. யாராவது குடும்பமாக நின்றால் பின்னால் போய் நின்றுகொள்ளணும். இந்தியாவில் எட்டுக் குடும்பத்து ஆல்பத்தில் நான் இருக்கிறேன், சிரித்த முகமாக.

ஒன்றே ஒன்றுதான் குறை. கடலில் கால் வைக்கவில்லை. அவ்வளவு தூரம் போய், ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போய், கால் நனையவில்லை. கோயிலில் இருந்து பார்த்தால் தென்னை மரத்துக்கு நடுவில் நீலமாகத் தெரிகிறது, கைக்கு எட்டுகிற மாதிரி. நல்ல கடற்கரை ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரன் கேட்ட தொகையை நான் திருப்பிச் சொல்லக்கூட மாட்டேன். ஒரு நாள் நடந்தே போனேன். போய்ச் சேர்ந்தபோது, உடனே திரும்பினால்தான் சாயங்கால மேளத்துக்கு வர முடியும் என்கிற நேரம். கடலைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, திரும்பிவிட்டேன்.

இதற்கு நடுவில் இரண்டு தப்பு ஆகிவிட்டது. மறைக்க மாட்டேன். முதல் தப்பு கொடியேற்றத்தன்று. கொடி மேலே போகிறது, கூட்டம் அண்ணாந்து பார்க்கிறது, நானும் அண்ணாந்துவிட்டேன். அங்கே தென்னைக்கு நடுவில் அந்த நீலம். எவ்வளவு நேரம் பார்த்தேனோ, அம்பலவாணன் அண்ணன் நாதஸ்வரத்தை வாயில் இருந்து எடுக்காமலே ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒன்று.

இரண்டாவது ஆறாம் நாள், தெருவில் சாமி போகும்போது. கல்கத்தாப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, அந்த அம்மா கேமராவை நீட்டிச் சிரிக்கச் சொன்னார்கள். இத்தனை நாள் பின்னால் நின்றவனை முன்னால் நிறுத்தி எடுக்கிறார்கள். நான் இரண்டு தாளத்தையும் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே சிரித்தபடி நின்றேன். படம் நன்றாக வரணும் இல்லையா? அவர்கள் எடுத்து முடிக்கிறவரை இறக்கவில்லை. மேளம் தாளம் இல்லாமலே அடுத்த தெரு வரை போய்விட்டது. ஓடிப்போய்ச் சேர்ந்தேன். இரண்டு விரல்.

அதற்குப் பிறகு நான் நிமிரவே இல்லை தம்பி. நாலு நாள். தேர் வந்தது, பார்க்கவில்லை. வாணவேடிக்கை, பார்க்கவில்லை. அந்தமானில் நான் அதிகமாகப் பார்த்தது எது என்று யாராவது கேட்டால், குஞ்சிதபாதம் அண்ணனுடைய வலது கால் கட்டைவிரல் என்றுதான் சொல்லணும்.

கடைசி நாள் தீர்த்தவாரி. சாமியைக் கடலுக்குக் கொண்டுபோய் மூழ்க வைக்கிற சடங்கு. அந்த ஏழு கிலோமீட்டரும் லாரியில். சாமியோடு. இனாமாக. முருகன் என் குறையைக் கேட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

அங்கே கோயில் தர்மகர்த்தா மருதப்பன் என்று ஒருவர். துறைமுகத்துக்குப் பக்கம் இரும்புக் கடை. கழுத்தில் சங்கிலி, கையில் போன். அவருக்கு ஒரு யோசனை. மேளக்காரர்களும் தண்ணீருக்குள் நின்று வாசித்தால் வீடியோ எடுப்பாக இருக்குமாம். அம்பலவாணன் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தர்மகர்த்தா சொல்லும்போது என்ன செய்வது. முழங்கால் ஆழத்தில் நின்றோம்.

நான் பயந்தேன். தண்ணீருக்குள் போனால் விரல் எப்படித் தெரியும்? கடலில் கால் நனைந்த சந்தோஷம்கூட மறந்துபோய்க் குனிந்து பார்த்தேன். பார்த்தால், தம்பி, கண்ணாடி. நம்ம ஊர்த் தண்ணீர் மாதிரி இல்லை. மணல் ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்த நடுவில் குஞ்சிதபாதம் அண்ணனின் கட்டைவிரல், வெட்டோடு, நகத்தோடு, கொஞ்சம் பெரிதாகவே தெரிகிறது. டொப், டொப் என்று மணலைத் தட்டுகிறது. அப்பாடா என்று அடிக்க ஆரம்பித்தேன். நாதஸ்வரம் எடுத்தது, தவில் விழுந்தது, குருக்கள் சாமியை எடுத்துக்கொண்டு இடுப்பு ஆழத்துக்குப் போனார். எல்லாம் சரியாகப் போகிறது.

அப்போதுதான் ஒரு மீன் வந்தது. இத்தனூண்டு. மஞ்சள், நடுவில் கறுப்புக் கோடு. விரல் எழும்பி எழும்பி விழுவதைப் பார்த்தது. என்னை மாதிரியே பார்த்தது. கிட்டே வந்தது. கடித்தது.

விரல் துள்ளியது. விரல் விழுந்தால் அடி என்பதுதானே எனக்குப் போட்ட உத்தரவு? அடித்தேன். மறுபடியும் கடித்தது. அடித்தேன். பிறகு அது போய் இன்னும் நாலு மீனைக் கூட்டி வந்தது. அதில் ஒன்று லேசாகக் கடிக்கும், ஒன்று பிடித்து இழுக்கும். லேசாகக் கடித்தால் லேசாக அடித்தேன், இழுத்தால் நீட்டி அடித்தேன். ஒன்று, இரண்டு மூன்று, ஒன்று, நாலு ஐந்து ஆறு, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒன்று. யோசிக்காதே என்று சொல்லியிருந்தார். நான் யோசிக்கவில்லை.

குஞ்சிதபாதம் அண்ணன் நிலைமையை நினைத்துப் பாருங்க. கழுத்தில் தவில், இரண்டு கையும் ஓடுகிறது, காலைத் தூக்கினால் தண்ணீரில் விழுந்துவிடுவார். முகத்தில் என்னென்னவோ வந்து போகிறது. கூட்டம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பெண்களுக்கு அருள் வந்துவிட்டது.

அம்பலவாணன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். நாதஸ்வரச் சீவாளி வாயில் இருக்கிறது, கண் மட்டும் பேசுகிறது. மூன்று. முடிந்தது. திரும்பிப் போகிற கப்பல், அந்த இரும்புக் கட்டில், செண்பகவல்லி, என் கடை, எல்லாம் அந்தத் தண்ணீரில் மிதந்து போகிற மாதிரி இருந்தது. ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை. விரல் துள்ளிக்கொண்டே இருக்கிறது.

அந்த மனுஷன் நாற்பது வருஷம் வாசித்தவர். என்ன செய்தார் தெரியுமா? தாளத்தைத் திருத்த முடியாது என்று தெரிந்ததும், என் தாளம் எங்கே விழுகிறதோ அங்கே தன் வாசிப்பைக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை திருதிருவென்று முழித்துவிட்டுப் பின்னாலேயே போனார். குஞ்சிதபாதம் அண்ணனுக்கும் வேறு வழி இல்லை, கடி விழுகிற இடத்திலெல்லாம் தவிலில் ஒரு போடு போட்டார். அங்கே குருக்கள் சாமியை ஒரு முறை மூழ்க வைக்கிறார், இரண்டாம் முறை. மூன்றாம் முறை மூழ்கி எழும்போது எங்கேயிருந்தோ ஒரு பெரிய மீன் வந்து ஒரே கடி. விரல், தாளம், தவில், நாதஸ்வரம் இரண்டு, எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுந்து நின்றன. அரோகரா என்று கரையே அதிர்ந்தது.

தர்மகர்த்தா மருதப்பன் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார், கையில் பட்டுத் துண்டு. அம்பலவாணன் அண்ணனுக்குப் போர்த்தி, “அண்ணே, இந்தக் கணக்கை எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். நேர்ல இன்னிக்குத்தான் கேட்டேன். இது கண்ட நடைதானே?” என்றார். கண்ட நடை என்று ஒரு வகை உண்டாம். குஞ்சிதபாதம் அண்ணன் காலைத் தேய்த்தபடியே, “கண்டபடி நடை” என்று முணுமுணுத்தார்.

அந்த மருதப்பன் சொன்னது முழுப் பொய் தம்பி. அவருக்குத் தாளமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பெரிய மனுஷரைக் கண்டால் எதையாவது புகழ்வது. இப்படிப்பட்ட ஆட்களை எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். எப்படித்தான் கூச்சமில்லாமல் சொல்கிறார்களோ.

அம்பலவாணன் அண்ணன் ஒரு நிமிஷம் தண்ணீரைப் பார்த்தார். மீன்கள் இன்னும் அங்கேதான் நின்றன. பிறகு நிதானமாகச் சொன்னார்: “இது மச்ச நடை.”

மருதப்பன் கண்ணை மூடிக்கொண்டார். “மச்ச நடை. ஆமா, தாத்தா அந்தப் பேர்தான் சொன்னாரு” என்றார். அதோடு விட்டாரா? என் கையையும் பிடித்துக் குலுக்கி, அடுத்த வருஷமும் இதே கோஷ்டி, இதே தாளக்காரர், மச்ச நடை மட்டும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று எல்லாருக்கும் எதிரில் சொல்லிவிட்டார். இப்போது அம்பலவாணன் அண்ணனால், தாளம் தப்பிவிட்டது, இவனை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்ல முடியுமா? தப்பவில்லையே. அபூர்வ நடை அல்லவா அது. மறுநாள் நாலு டிக்கெட் வந்தது.

திரும்புகிற கப்பலில் இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மேல்தட்டில் நின்றுகொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்றார். கடலைப் பார்த்தபடியே, “பக்கிரி, இருபது வருஷமா தினம் காலையில தோடி தோடின்னு சொல்லுவியே. நான் ஒரு நாளும் காலையில தோடி வாசிச்சதில்ல” என்றார்.

மனதில் பட்டதைச் சொன்னேன். “அண்ணே, நீங்க வாசிக்காமலே எனக்குத் தோடியா கேட்டிருக்குன்னா, அது எப்பேர்ப்பட்ட வாசிப்பா இருக்கணும்.”

அவர் என்னையே பார்த்தார். அதே பார்வை. அப்புறம் வாய் ஒரு பக்கம் கோணியது, தோள் குலுங்கியது, கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதுதான் கதை. இப்போது மீனுக்கு வருகிறேன்.

இந்த வருஷம் பங்குனிக்கு இன்னும் மூன்று வாரம். அந்தமானில் நோட்டீஸே அடித்துவிட்டார்கள், ‘அபூர்வ மச்ச நடை’ என்று. ஆனால் அது என்ன கணக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மருதப்பன் எடுத்த வீடியோவை வாங்கிப் பார்த்தோம். மனுஷன் போனைத் திருப்பிப் பிடித்திருக்கிறார், முழுக்க அவர் முகம்தான், சத்தமெல்லாம் அலைச் சத்தம். இரண்டு மாதமாகத் தினம் உட்கார்ந்து பார்க்கிறோம். குஞ்சிதபாதம் அண்ணன் விரலை ஊசியால் குத்திப் பார்த்தோம், கோழி இறகால் தடவிப் பார்த்தோம், வரவில்லை. மீன் இல்லாமல் அது வராது தம்பி. அதனால்தான் இன்றைக்குக் கும்பகோணம் வந்து, வளர்ப்பு மீன் கடையில் கடிக்கிற மீனாக வேண்டும் என்று கேட்டேன். கடிக்காத மீன்தான் எல்லாரும் கேட்பார்கள் என்றான் கடைக்காரன். அந்தக் கறுப்பு மீன் ஒன்று முறைத்துக்கொண்டே இருந்தது. அதை நம்பித்தான் மற்றப் பதினொன்றையும் வாங்கினேன்.

ஆமாம், என் காசுதான். பெரிய தொட்டி ஒன்றும் போன வாரம் வாங்கினேன். மீனுக்குத் தீனி, கல் உப்பு. அதெல்லாம் கும்பகோணத்தில் ஆன செலவு தம்பி. அந்தமானில் ஆன செலவா? அந்தமானில் என் கைக்காசு ஒரு பைசா கிடையாது என்று முதலிலேயே சொன்னேனே.

ஆனால் ஒரு சிக்கல். குஞ்சிதபாதம் அண்ணனுக்கு இந்த வாரம் சர்க்கரை கூடிவிட்டது. காலில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன தடவை பட்ட கடி ஆறவே மூன்று மாதம் ஆனதாம். என் விரலை விடலாம் என்றால் எனக்குக் கூச்சம் அதிகம், சிரிப்பு வந்து தாளம் கையில் நிற்காது. மாப்பிள்ளை முறுக்கிக்கொள்கிறார். ஆக, சும்மா தண்ணீரில் நிற்கிறதுக்கு ஒரு ஆள் வேண்டும். வாசிக்க வேண்டாம், எண்ண வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். கப்பல், மண்டபம், அன்னதானம், இளநீர், எல்லாம் கோஷ்டியோடு.

வீட்டம்மாவுக்கு என்ன வழி என்று யோசிக்கிறீங்களா? அதுக்குப் பாராட்டத் தெரியுமா? தெரிந்தால் போதும், மருதப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

திருச்சேறை தாண்டிவிட்டது. அடுத்தது என் நிறுத்தம். பையை இப்படிக் கொடுங்க.

அந்தச் செருப்பைக் கொஞ்சம் கழட்டுங்க தம்பி, வலது காலைப் பார்ப்போம்.